தலைமைத்துவத்தில் பிஎச்.டி.: விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது?

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பொள்ளாச்சி. இரண்டு பக்கமும் பேச்சு தமிழ்தான். ஆனால் பிஎச்.டி. விண்ணப்பம் என்று வந்துவிட்டால் இரண்டு அரசு, இரண்டு வகைச் சான்றிதழ், இரண்டு மடங்கு அலைச்சல். நான் இந்தப் பகுதியில் கல்லூரியில் பாடம் எடுப்பவன். “சார், இதைக் கொஞ்சம் பாருங்க” என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது ஃபைலோடு வந்து நிற்பார்கள். பள்ளி எச்.எம்., வங்கி மேலாளர், குடும்பஸ்ரீ (கேரளத்துப் பெண்கள் சுய உதவிக் குழு) பொறுப்பாளர் என்று பலதரம். அண்மைக் காலமாகத் தலைமைத்துவத்தில் ஆய்வு செய்யவேண்டும் என்று வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

அவர்கள் செய்யும் முதல் தவறு, அந்தப் பெயரில் ஒரு துறையைத் தேடுவது. அமெரிக்காவில் கொன்சாகா, சான் டியேகோ போன்ற பல்கலைக்கழகங்கள் தலைமைத்துவ ஆய்வு என்ற பெயரிலேயே முனைவர் பட்டம் தருகின்றன. நம் ஊரில் பெரும்பாலும் அது வேறு துறைகளுக்குள் அடங்கிக் கிடக்கும். மேலாண்மை, கல்வியியல், பொது நிர்வாகம், சமூகப் பணி ஆகியவற்றில் பார்க்கவேண்டும். கோழிக்கோடு ஐஐஎம்மில் என்றால் நிறுவன நடத்தை, மனிதவளப் பிரிவில். பள்ளித் தலைமை பற்றி என்றால் டெல்லியில் உள்ள நீபா என்ற தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம். பள்ளித் தலைமைக்கென்றே ஒரு தேசிய மையம் அங்கே இருக்கிறது. இது தெரியாமல் ‘லீடர்ஷிப்’ என்ற சொல் அறிவிப்பில் இல்லையே என்று ஒதுக்கிவிட்டு, அந்தச் சொல்லைப் பளிச்சென்று போட்டிருக்கும் ஆன்லைன் விளம்பரத்தில் போய் விழுகிறார்கள். வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து எட்டெக் (ஆன்லைன் கல்வி) கம்பெனிகள் தரும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று, உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரிலேயே சொல்லிவிட்டன. ஃபிளெக்ஸ் போர்டில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ள மட்டும் என்றால் அது உதவலாம்.

பெரிய சறுக்கல் தலைப்பில். போன மாதம் ஒரு டீச்சர் வந்தார். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒரு தமிழ்வழிப் பள்ளியின் எச்.எம். அவர் எழுதி வந்த தலைப்பு: ‘இருபத்தோராம் நூற்றாண்டுக் கல்வியில் உருமாற்றத் தலைமைத்துவத்தின் பங்கு – ஓர் ஆய்வு’.

“யாரைப் போய்ப் பார்ப்பீங்க டீச்சர்?”

“எல்லா ஸ்கூலும்தான் சார்.”

“எல்லாம்னா எங்கெங்கே?”

பதில் இல்லை. டீ வந்தது. தலைப்பை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒரு திங்கட்கிழமை எப்படிப் போகும் என்று கேட்டேன். மேலிடத்துச் சுற்றறிக்கை மலையாளத்தில் வருமாம். ஆசிரியர்களில் இரண்டு மூன்று பேருக்கு மலையாளம் பேச வரும், படிக்கத் தடுமாறும். அதனால் பதினோரு மணி இடைவேளையில் இவர் ஸ்டாஃப் ரூம் பீரோவில் சாய்ந்து நின்றபடியே படித்துத் தமிழில் சொல்லிவிடுவார். “முழுசும் சொல்ல நேரமிருக்காது சார். முக்கியமானதைச் சொல்லுவேன். நான் விட்டது ஸ்கூலுக்குள்ளேயே வராது.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒரு தலைமையாசிரியர் எதைச் சொல்கிறார், எதை விடுகிறார், யாருக்கு அழுத்திச் சொல்கிறார் என்பதில்தான் அந்தப் பள்ளியின் தலைமை இருக்கிறது. சித்தூர் தாலுகாவில் பத்துப் பன்னிரண்டு எச்.எம்.களோடு நீண்ட பேட்டி, ஓராண்டுச் சுற்றறிக்கைக் கோப்பு, நாலு பள்ளிகளில் ஸ்டாஃப் மீட்டிங்கில் உட்கார்ந்து பார்ப்பது: மூன்று வருஷத்தில் முடிக்கக்கூடிய வேலை. பழைய தலைப்பை முப்பது வருஷமானாலும் முடிக்க முடியாது.

‘உருமாற்றத் தலைமைத்துவம்’ பற்றியும் ஒரு வார்த்தை. தலைப்புக்கு எடுப்பாக இருக்கிறது என்று அதை ஒட்டவைக்கிறார்கள். தலைவர் தம் பின்னால் வருகிறவர்களின் நோக்கத்தையே உயர்த்தி மாற்றுவது என்று 1978-இல் ஜேம்ஸ் மெக்கிரெகர் பர்ன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் அரசியல் தலைவர்களை வைத்துப் பேசிய கருத்து அது. பின்னர் உளவியலாளர் பெர்னார்ட் பாஸ் 1985-இல் அதை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்து, அளக்கவும் வழி செய்தார். இந்த வித்தியாசத்தை நேர்காணலில் கேட்பார்கள். அதை அளக்கும் எம்எல்கியூ வினாத்தாளை நெட்டில் இறக்கி அப்படியே ‘ஆய்வுக் கருவி’ என்று பின்னிணைப்பில் வைப்பது அடுத்த தவறு. அது காப்புரிமை உள்ளது. அனுமதி வாங்கிப் பணம் கட்டித்தான் பயன்படுத்தவேண்டும்.

ஏன் ஆய்வு செய்கிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையில் இன்னொரு வியாதி உண்டு. ‘நான் ஒரு பிறவித் தலைவன்’ என்று தொடங்கி, என்.எஸ்.எஸ். முகாம், ரோட்டரி விருது, கொரோனா நேரத்தில் அரிசி கொடுத்தது வரை இரண்டு பக்கம். தேர்வுக் குழுவுக்குத் தலைவர் தேவையில்லை, தலைமையை உற்றுப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு கேள்வி பிறந்திருந்தால் அந்த அனுபவத்தை நாலு வரி எழுதுங்கள். அரிசியை விட்டுவிடலாம்.

கைடு விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். ஒரு பேராசிரியரின் கட்டுரைகளைப் படித்து மயங்கி, அவரையே நம்பி ஒரு வருஷம் காத்திருந்தேன். விண்ணப்பம் போட்டபோதுதான் தெரிந்தது, அவர் ஓய்வுபெற இரண்டு வருஷம்கூட இல்லை. யுஜிசியின் 2022 விதிப்படி, ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர் புது மாணவரை எடுக்கமுடியாது. இடமும் அளவுதான்: ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஆகவே காலியிடம் உண்டா, ஓய்வு எப்போது என்று முதலிலேயே விசாரியுங்கள். நேரடியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் துறை அலுவலகத்தில் கேளுங்கள். கேட்டு அனுப்பும் மெயிலில் ‘உலகப் புகழ்பெற்ற தங்கள் பொன்னான நேரத்தில்’ எல்லாம் வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, உங்கள் கேள்வி அதில் எங்கே ஒட்டுகிறது என்று மூன்று வரி போதும்.

வேலையில் இருந்துகொண்டு பார்ட் டைம் செய்பவர்கள் ஒரு வரி என்ஓசியோடு வருகிறார்கள். ‘ஆட்சேபணை இல்லை’ என்றால் போதாது. பகுதி நேரமாகப் படிக்க அனுமதி, ஆய்வுக்கு நேரம் ஒதுக்க அவருடைய பணி அனுமதிக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் வகுப்புகளுக்கு விடுவிப்போம் ஆகிய மூன்றும் அதில் இருக்கவேண்டும். மேனேஜ்மென்ட் கையெழுத்துக்கு இரண்டு முறை நடக்காமல், வாசகத்தை நாமே டைப் செய்து கொண்டுபோவது நல்லது.

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதினவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2024 முதல் அந்த மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி.க்குச் சேரலாம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை இல்லாமல் தகுதி பெற்றவருக்கு அது ஓராண்டுதான் செல்லும்.

எல்லைக்காரர்களுக்கென்றே உள்ள சிக்கல் சான்றிதழ். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி உள்ளிட்ட பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. ஓபிசி என்றால் கிரீமி லேயர் (வருமானத்தாலோ பதவியாலோ வசதியானவர்கள்) அல்லாதவர் மட்டும், அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் கிடையாது, எனவே நம்மவர்கள் கையில் இருப்பது வெறும் சாதிச் சான்றிதழ். 53 சதவீதத்தோடு அதை மட்டும் நீட்டினால் பரிசீலனையிலேயே கழிந்துவிடும். மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுச் சான்றிதழ் கேரளத்திலும் கேரளத்துச் சான்றிதழ் தமிழ்நாட்டிலும் உதவாது. ஒரே சாதி, மாமன் மச்சான் வீடு என்பதெல்லாம் தாலுகா ஆபீஸில் எடுபடாது.

அதேபோல, தமிழ்நாட்டில் பட்டம் வாங்கிவிட்டுக் கேரளப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களிடம் எலிஜிபிலிட்டி சான்றிதழ் (நம் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்கிறது என்று சொல்வது) கேட்பார்கள். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். அறிவிப்பு வந்தபின் ஓடினால் கைக்கு எட்டாது.

டீச்சர் எம்.எட். முடித்தது கோவைப் பக்கம். தலைப்பு சரியாகிவிட்டது, என்ஓசியும் வந்துவிட்டது. எலிஜிபிலிட்டி இன்னும் வரவில்லை. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது. நேற்றுகூட ஸ்டாஃப் ரூமிலிருந்து போன் செய்து, “நேரில் போய் நிக்கட்டுமா சார்?” என்று கேட்டார். போங்கள் என்றேன், எம்.எட். மார்க்‌ஷீட்டில் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு.