பத்தாம் வகுப்பு அறிவியல்: விடையைப் பார்த்து அளவீடு எழுதாதீர்கள்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் முழு மதிப்பெண் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பலரும் ஆய்வகத்தை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வில் செய்யும் பல தவறுகளுக்கு விதை அங்கேதான் விழுகிறது.

குவிலென்சின் குவியத் தொலைவு காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சன்னலுக்கு வெளியே தெரியும் மரத்தின் பிம்பத்தைத் திரையில் விழவைக்கிறோம். லென்சுக்கும் திரைக்கும் இடையே 15 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம்; அதுதான் ஏறத்தாழக் குவியத் தொலைவு. அடுத்து, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்து, அதை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு முறையும் பொருளின் தொலைவையும் பிம்பத்தின் தொலைவையும் அளந்து, குவியத் தொலைவைக் கணக்கிட வேண்டும். இங்கேதான் பலர் அளப்பதை நிறுத்திவிட்டு, 15 வருகிற மாதிரி எண்களைத் தாங்களே எழுதி அட்டவணையை நிரப்புகிறார்கள். 14.6, 15.3 என்று வந்தால்தான் நீங்கள் உண்மையாகவே அளந்தீர்கள் என்று பொருள். அந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மெண்டல் பட்டாணிச் செடிகளில் எண்ணியபோதுகூட, இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. விகிதம் 2.96:1. அவர் அதைத் திருத்தி, பாடத்தில் நாம் படிக்கும் 3:1 ஆக்கவில்லை.

அதே சோதனையில் இன்னொரு குழப்பமும் உண்டு. பாடத்தில் வரும் லென்சு சமன்பாட்டில் (1/f = 1/v − 1/u; f குவியத் தொலைவு, v பிம்பத்தின் தொலைவு, u பொருளின் தொலைவு) குறியீட்டு மரபு, அதாவது தொலைவுகளுக்குத் திசைப்படி + அல்லது − போடும் விதி, கட்டாயம். பொருள் 30 செ.மீ. தொலைவில் இருந்தால் −30 என்றுதான் போட வேண்டும். பிம்பமும் 30 செ.மீ.யில் விழுந்தால், 1/30 − (1/−30) = 1/15. குறியை மறந்தால் விடை பூச்சியம்! ஆனால் ஆய்வகத்தில் பயன்படுத்துவது வேறு வடிவம்: இரண்டு தொலைவுகளையும் பெருக்கி, அவற்றின் கூடுதலால் வகுக்க வேண்டும். அந்தச் சூத்திரத்தில் குறி ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. அங்கே போய் மறுபடியும் −30 போட்டால் கீழே பூச்சியம் வந்து கணக்கு நின்றுவிடும். இரண்டு சூத்திரங்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், ஒன்றிலிருந்து மற்றொன்றை ஒரே ஒரு முறை வருவித்துப் பாருங்கள். அப்புறம் மறக்காது.

நிறை, எடை குழப்பம் நம் பேச்சு வழக்கிலிருந்தே வருகிறது. கடையில் எடை போட்டு அரை கிலோ தக்காளி வாங்குகிறோம். ஆனால் இயற்பியலில் கிலோகிராம் நிறையின் அலகு, எடையின் அலகு நியூட்டன். 50 கிலோகிராம் நிறை கொண்டவரின் எடை பூமியில் ஏறத்தாழ 490 நியூட்டன். கணக்கை முழுவதும் சரியாகச் செய்துவிட்டு அலகைத் தவறாக எழுதி மதிப்பெண்ணை இழப்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

வேதியியலில், சமன்பாட்டைச் சமன் செய்யும்போது மூலக்கூறு வாய்பாட்டுக்குள் கை வைக்காதீர்கள். நீரில் ஓர் ஆக்சிஜன் குறைகிறதே என்று கீழே ஒரு 2 சேர்த்தால், அது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. எண்ணை மூலக்கூறுக்கு முன்னால்தான் போட வேண்டும்.

புத்தகத்தின் பாடப் பின் வினாக்களை மட்டும் படிப்பதும் ஆபத்தானது. பாடத்தின் உள்ளே பெட்டிச் செய்தியிலிருந்தும் படத்திலிருந்தும் கேள்வி வரலாம். விலங்கியலிலும் தாவரவியலிலும் படத்தைப் பார்த்துக்கொண்டே வரைந்து பழகியவர்கள், மூடி வைத்துவிட்டு ஒரு தடவை வரைந்து பாகங்களைக் குறித்துப் பார்க்கட்டும். இதயத்தின் இடது, வலது பக்கம் மாறிப்போவது அப்போதுதான் தெரியவரும்.

பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும் வீடுகளுக்கும் ஒரு சொல். கணிதம் பிடிக்காது என்பதற்காக உயிரியல் பக்கம் போகிறவர்கள், அங்கும் இயற்பியல் உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தப் புத்தகத்தின் இயக்கவியல் பாடத்திலேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் வந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பு விடுமுறையில் அந்தப் பகுதியை ஒரு முறை புரட்டிவிட்டுச் சேருங்கள்.