ஓட்டுச் சாய்ப்பு எத்தனை டிகிரி? தரையில் நின்றே கண்டுபிடிக்கலாம்

செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் ஓட்டுச் சாய்ப்பு எத்தனை டிகிரி சரிந்திருக்கிறது என்று அறியக் கூரையில் ஏற வேண்டியதில்லை. டேப்பால் மூன்று அளவு எடுத்தால் போதும். மிச்சத்தை முக்கோணவியல் பார்த்துக்கொள்ளும்.

முதலில் அளவு. சுவரோரத்தில் தரையிலிருந்து கைமரத்தின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தின்) அடிப்பக்கம் வரை 14 அடி என்று வைத்துக்கொள்வோம். தூண் வரிசைக்கு மேலே அதே கைமரத்தின் அடிப்பக்கம் 9 அடி. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே தரையில் 8 அடி. டேப்பைச் சாய்த்துப் பிடித்தால் உயரம் கூடிவிடும். தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு அதன் நூலையொட்டி அளப்பது நல்லது. 14-இல் 9 போக 5. ஆக, கிடையாக 8 அடி, செங்குத்தாக 5 அடி, சாய்வாகக் கைமரம்: செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது.

இனி பக்கங்களுக்குப் பெயர். பலர் தடுமாறுவது இங்கேதான். செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம், அது மாறாது. மற்ற இரண்டின் பெயரும் நீங்கள் எந்தக் கோணத்தைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தூண் பக்கத்துக் கோணம்தான் கூரையின் சரிவு. அதற்கு எதிரே நிற்கும் 5 அடி எதிர்ப்பக்கம். அதை ஒட்டிக் கிடக்கும் 8 அடி அடுத்துள்ள பக்கம். சுவர் உச்சியில் உள்ள கோணத்தைத் தேடினால் இந்தப் பெயர்கள் இடம் மாறிவிடும்.

சைன் என்பது எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது. கொசைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுப்பது. டேன்ஜென்ட், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுப்பது. மூன்றில் எது வேண்டும் என்பதைக் கையில் உள்ள அளவுகளே சொல்லிவிடும். கர்ணம் நமக்குத் தெரியாது, எனவே டேன்ஜென்ட்: 5 ÷ 8 = 0.625.

விகிதம் தெரியும், கோணம் தெரியாது. அதனால் திரும்பிப் போக வேண்டும். கால்குலேட்டரில் 'ஷிஃப்ட்' அழுத்தி, 'டேன்' அழுத்தி, 0.625 கொடுத்தால் 32.005 வரும். சரிவு ஏறத்தாழ 32 டிகிரி. கால்குலேட்டர் இல்லையென்றால் முக்கோணவியல் அட்டவணையில் டேன்ஜென்ட் பகுதியில் 0.625-ஐத் தேடுங்கள், 32 டிகிரிக்கு நேரே 0.6249 இருக்கும்.

விடை 0.5586 என்று வந்தால் கருவி டிகிரியில் இல்லை, கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியனில் இருக்கிறது. அபத்தமான எண் என்பதால் உடனே பிடிபட்டுவிடும். உண்மையில் ஏமாற்றுவது கிரேடியன் முறை, அதாவது செங்கோணத்தை 90-க்குப் பதில் 100 பாகமாகப் பிரிப்பது. திரை ஓரத்தில் 'டி'க்குப் பதில் 'ஜி' இருந்தால் 35.56 என்று காட்டும். பார்ப்பதற்குச் சரியான விடை போலவே இருக்கும்! எனக்குக் கருவியைவிடக் காகிதத்தில்தான் நம்பிக்கை அதிகம்: 8 செ.மீ. கிடைக்கோடு, அதன் முனையில் 5 செ.மீ. செங்குத்துக்கோடு வரைந்து, சாய்கோட்டை இணைத்துக் கோணமானியை வையுங்கள். அடிகள் சென்டிமீட்டராகச் சுருங்கினாலும் விகிதம் மாறாது, கோணமும் மாறாது.

கர்ணம் தெரிந்த கணக்கு ஒன்று: 12 அடி ஏணியின் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கிறது. 3 ÷ 12 = 0.25. இங்கே கொசைன், தரையோடு ஏணி செய்யும் கோணம் 75.5 டிகிரி.

ஊருணிப் படிக்கட்டை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு படியின் உயரம் 8 அங்குலம், கால் வைக்கும் அகலம் 12 அங்குலம் என்றால் சரிவு 33.7 டிகிரி வர வேண்டும். 37.4 வந்தால் திரை ஓரத்தைப் பாருங்கள்.