"நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறது": சென்னையில் வீடு வாங்குமுன் தரகரின் சொல்லைச் சோதிக்கும் முறை

சென்னையிலோ அதன் புறநகரிலோ வீடு தேடத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே இரண்டு குரல்களைக் கேட்டுவிடுவார்கள். "நாளைக்கு வேறு பார்ட்டி அட்வான்ஸோடு வருகிறது, இப்போது விட்டால் கிடைக்காது" என்பது தரகரின் குரல். "எல்லாம் ஊதிப் பெருக்கிய விலை, சீக்கிரம் சரியும், புரோக்கர் பேச்சை நம்பாதே" என்பது வீட்டில் இருக்கும் சித்தப்பாவின் குரல். நான் பல ஆண்டுகள் சித்தப்பாவின் கட்சியில் இருந்தவன். மனத்தளவில் இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ஆனால் சந்தேகப்படுவதோடு நின்றுவிட்டால் அது வாடகை வீட்டுத் திண்ணைப் பேச்சாகவே முடிந்துவிடும் என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். சந்தேகத்தைக் கொண்டு எதை, எந்த ஆவணத்தில், எந்த வரிசையில் சோதிப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தரகரின் கணக்கை முதலில் போடுங்கள்

விற்பனைக்கான தரகு இங்கே வழக்கமாக விலையில் 1 முதல் 2 சதவீதம்; பல நேரங்களில் வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் வாங்கப்படுகிறது. 80 லட்ச ரூபாய் வீட்டை நீங்கள் பேரம் பேசி 77 லட்சத்துக்கு இறக்கினால், 1 சதவீதக் கணக்கில் உங்களிடமிருந்து தரகருக்குக் குறைவது 3,000 ரூபாய். மூன்று மாதம் யோசித்துவிட்டு நீங்கள் விலகிக்கொண்டால் அவருக்குக் குறைவது 80,000 ரூபாய். ஆகவே விலை சற்று ஏறினாலும் இறங்கினாலும் அவருக்குப் பெரிய கவலை கிடையாது. நீங்கள் காத்திருப்பதுதான் அவருக்கு ஆகாது. அவர் சொல்வதில் எதையெல்லாம் கூர்ந்து சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு இதுவே அளவுகோல்: உங்களை அவசரப்படுத்தும் ஒவ்வொரு வாக்கியத்தையும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்னும் இரு பொருளியலாளர்கள் சிகாகோ வட்டாரத்தில் நடந்த ஏறத்தாழ 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டு முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, வாடிக்கையாளரின் வீட்டுக்குக் காத்திருப்பதைவிட ஏறக்குறைய 10 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள் என்று அதில் கண்டறிந்தார்கள். பிறருடைய வீடு என்றால் "வந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்பதும், தன் வீடு என்றால் பொறுத்திருப்பதும் மனித இயல்புதான். அதே இயல்பு வாங்குபவரிடம் "கேட்ட விலைக்கு முடித்துவிடுங்கள்" என்று பேசும்.

இந்தக் கணக்கு பொய்க்கும் இடம் ஒன்று உண்டு; அதைத் தவறவிட்டால் பெரிய நட்டம். வீட்டுக்காரர் தனக்கு இவ்வளவு 'நெட்' வந்தால் போதும் என்று சொல்லிவிட, அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் தரகருக்கே என்ற ஏற்பாடு நம் ஊரில் உண்டு. அப்போது விலை ஏறும் ஒவ்வொரு ரூபாயும் அவருடையது. ஆகையால் முதல் சந்திப்பிலேயே தரகு சதவீதமா, நெட்டா என்று நேராகக் கேளுங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வீட்டுக்காரரோடு நேருக்கு நேர் அமர்ந்து விலை பேச வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். இதற்கு மட்டும் மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த வீட்டை அத்தோடு விட்டுவிடலாம்.

அவசரத்தைச் சோதிக்கும் வழி

நேரம்தான் சிக்கல் என்றால் நேரத்தைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பார்த்த வீட்டின் தெரு, சதுர அடி, கேட்ட விலை, தேதி, "வேறு பார்ட்டி" வருவதாகச் சொன்ன நாள் ஆகியவற்றைக் குறித்துவைத்து, மூன்று வாரம் கழித்து வேறொருவரின் தொலைபேசியிலிருந்து அதே வீட்டைப் பற்றி விசாரியுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டுக்கு அந்த மர்மமான பார்ட்டி எட்டு மாதம் வந்துகொண்டே இருந்தது. வீடு அப்படியே இருந்தது, விலைதான் 4 லட்சம் இறங்கியிருந்தது. இருபது வீடுகளுக்கு இப்படிக் குறிப்பெடுத்தால், கேட்கும் விலைக்கும் உண்மையில் முடியும் விலைக்கும் உங்கள் பகுதியில் எவ்வளவு இடைவெளி என்பது எந்தச் செய்தித்தாளும் சொல்லாத துல்லியத்தோடு புலப்படும். மூன்று வாரத்துக்குள் வீடுகள் உண்மையாகவே கைமாறுகின்றன என்று நோட்டுப் புத்தகம் சொன்னால் அதையும் நம்புங்கள். சந்தேகக்காரர்கள் பெரும்பாலும் செய்யத் தவறுவது இதைத்தான்.

வில்லங்கச் சான்றிதழை விலைப் பட்டியலாகப் படிப்பது

வில்லங்கச் சான்றிதழைச் சொத்தின் மீது கடன் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே நம்மவர்கள் பயன்படுத்துகிறார்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துத் தேடினால், நீங்கள் வாங்கவிருக்கும் மனைக்கு மட்டுமல்லாமல் அதே சர்வே எண்ணில் அடங்கிய அக்கம்பக்க மனைகளுக்கும் எந்த ஆண்டில், யார் யாருக்கு, எவ்வளவு கைமாற்றுத் தொகைக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்ற வரிசை கிடைக்கும். அதில் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

ஒரே மனை நான்கைந்து ஆண்டுகளுக்குள் மூன்று கை மாறியிருந்து, அதில் யாரும் வீடே கட்டாமல் இருந்தால், அங்கே குடியிருக்க வந்தவர்கள் குறைவு, விற்க வாங்கியவர்கள் அதிகம் என்று பொருள். வீக்கம் என்று நாம் சொல்வதன் கண்கண்ட அடையாளம் இதுதான். மாலை ஏழு மணிக்கு அந்த லேஅவுட்டுக்குப் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்த்தால் சான்றிதழ் சொன்னது உறுதிப்படும்.

இரண்டாவதாக, கிரயப் பத்திரத்தில் எழுதும் தொகையை அப்படியே நம்ப முடியாது. பலர், பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் எழுதிவிட்டு மீதியைக் கையில் கொடுக்கிறார்கள். ஆனால் வங்கியில் கடன் வாங்கியவர் பதியும் 'உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு' என்ற ஆவணத்தில் கடன் தொகை இருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்து வீட்டின் மீது வாங்கும்போதே 48 லட்சம் கடன் பதிவாகியிருந்தால், வங்கி அந்த வீட்டை 60 லட்சத்துக்குக் குறையாமல் மதிப்பிட்டிருக்கிறது என்று கணிக்கலாம். தரகர் சொல்லும் "பக்கத்து வீடு 95-க்குப் போச்சு" என்ற கதையை இதோடு ஒட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பொது அதிகார ஆவணங்கள். உரிமையாளர் தொலைவில் இருக்க, அதிகாரம் பெற்றவர் என்று ஒருவர் விற்கும் மனையில் விலை மலிவாக இருந்தால், அந்த மலிவுக்குக் காரணத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்; தரகர் அறிமுகப்படுத்தாத வழக்கறிஞரிடம்.

வாடகைக் கணக்கு

விலை வீங்கியதா என்று அறிய, அந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்று கேட்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. வாடகையில் ஊக வணிகம் செய்ய யாராலும் முடியாது. சம்பளம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் அது ஏறும். 80 லட்சம் விலை சொல்லும் பழைய அடுக்குமாடி வீட்டின் வாடகை மாதம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2.4 லட்சம், அதாவது விலையில் 3 சதவீதம். இனி வாங்குவதன் செலவைப் பார்ப்போம். 60 லட்சம் கடனை 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 52,000. முதல் ஆண்டில் வட்டி மட்டுமே 5 லட்சத்தைத் தாண்டும். கையிலிருந்து போகும் 20 லட்சத்தோடு, மறுவிற்பனை வீடு என்பதால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 7.2 லட்சம் சேரும். இந்த 27.2 லட்சமும் வைப்புநிதியில் இருந்திருந்தால் 7 சதவீதத்தில் 1.9 லட்சம் தந்திருக்கும். பராமரிப்பு, சொத்து வரி என்று 50,000 சேர்த்தால் ஆண்டுச் செலவு 7.45 லட்சம். மிச்சமாகும் வாடகையைக் கழித்தால் 5 லட்சம் துண்டு விழுகிறது. அது விலையில் 6.3 சதவீதம்.

ஆக, வீட்டின் விலை ஆண்டுதோறும் 6 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் முதல் ஆண்டுகளில் நீங்கள் நட்டமில்லாமல் நிற்கிறீர்கள். வாடகை ஏற ஏற, அசல் குறையக் குறைய இந்த இடைவெளி சுருங்கும் என்பதால், பதினைந்து ஆண்டு அங்கேயே குடியிருக்கப் போகிறவருக்கு இது தாங்கக்கூடியதாக இருக்கலாம். நான்காண்டில் விற்றுவிட நினைப்பவருக்குப் பதிவுச் செலவையும் தரகையும் மீட்பதற்கே விலை 10 சதவீதம் ஏற வேண்டும். உங்கள் எண்களைப் போட்டு இதை ஒரு தாளில் எழுதித் தரகரிடம் காட்டுங்கள். நல்ல தரகர் வாடகையைத் திருத்திச் சொல்வார். மற்றவர்கள் மெட்ரோவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

வரப்போகிற மெட்ரோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திட்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதன் விலையை விற்பவர் முன்பே சேர்த்துவிட்டார், தாமதத்தின் செலவு மட்டும் உங்களுடையது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது, அதையொட்டிய ரயில் நிலையம் திறக்கப்பட்டிருக்கவில்லை என்பதை அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் அறிவார்கள்.

ரெரா எதற்கு உதவும்

ரெரா எனப்படும், வீட்டு மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் 2016-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ அமையும் புதிய திட்டங்கள் பதிவு பெற்றாக வேண்டும். அவற்றை விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு பெற வேண்டும். பதிவில்லாத திட்டத்தை அவர் விற்க உதவக் கூடாது. விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வதற்கு முன் கட்டுநர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எனவே புதிய வீடு என்றால் திட்டத்தின் எண்ணையும் முகவரின் எண்ணையும் கேட்டு, தமிழ்நாடு ரெரா தளத்தில் நீங்களே சரிபாருங்கள். ஒருவர் தனக்குச் சொந்தமான பழைய வீட்டை விற்கும்போது இடையில் நிற்கும் தரகருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. தெருமுனைத் தேநீர்க் கடையில் சந்திக்கும் தரகர் பெரும்பாலும் இந்த வகை.

சித்தப்பாவுக்கும் ஒரு கேள்வி

விலை சரியும் என்று காத்திருப்பவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காதான். அங்கே 2006-இல் உச்சத்தைத் தொட்ட வீட்டு விலை, கேஸ்-ஷில்லர் தேசியக் குறியீட்டின்படி 2012-க்குள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2006-இன் பிற்பகுதியில் முகவர்களின் தேசியச் சங்கம், வாங்க இதுவே நல்ல காலம் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது. முகவர்கள் மீதான அவநம்பிக்கை அங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சரிவு, தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகளைக் கடன் கொடுத்தவர்கள் பறிமுதல் செய்து கிடைத்த விலைக்குத் தள்ளியதால் வேகமெடுத்தது. நம் ஊரில் கடனில்லாத மனையைப் பிள்ளைக்கு என்று வைத்திருப்பவர், விலை வராவிட்டால் விற்காமல் இருந்துவிடுவார். இங்கே சரிவு பலகையில் தெரியாது. விலை பல ஆண்டுகள் அசையாமல் நிற்க, பணவீக்கம் அதை உள்ளிருந்து அரிக்கும். 2012-இல் ஏற்றிய வழிகாட்டி மதிப்பைத் தமிழக அரசே 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்து, 2023 ஏப்ரலில்தான் பழைய அளவுக்குக் கொண்டுவந்தது. பாதி விலைக்கு வீடு வரும் நாளுக்காகக் காத்திருப்பவர் இந்த வகை இறக்கத்தைக் கவனிக்காமலே தாண்டிவிடுவார். உங்கள் வாடகைக் கணக்கு எப்போது ஒத்துவருகிறதோ அப்போது வாங்கலாம். அதற்குச் சரிவு என்று யாரும் பெயர் சூட்ட வேண்டியதில்லை.

பணம் கைமாறும் நாள்

இத்தனையும் தேறிய பிறகு முன்பணம் கொடுக்கும்போது, அதைத் தரகரின் கையில் கொடுக்காமல் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். சொத்து பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடைசெய்கிறது. கிரய ஒப்பந்தத்தில், வங்கி கடன் மறுத்தாலோ பத்திரங்களில் குறை தெரிந்தாலோ முன்பணத்தை இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற வரியை எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் வழக்கமில்லை சார்" என்பார்கள். வழக்கமில்லைதான், ஆனாலும் எழுதுவார்கள், விற்க வேண்டிய தேவை உண்மையானதாக இருந்தால். தரகுத் தொகையையும் அந்தத் தாளிலேயே குறித்து, பத்திரப்பதிவு முடிந்த அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் கொடுப்பதாக ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு ரூபாயும் வேண்டாம்.