சாம்பல் நோய்க்கு மருந்து அடிக்கையில பண்ணக்கூடாத வேலைகள்

தை பொறந்துட்டா போதும், வாட்ஸப்ல வெள்ளை பூத்த இலை போட்டோவா வந்து விழும், "அண்ணாச்சி, இதுக்கு என்ன அடிக்கட்டும்"னு. ஆலங்குளம் பக்கம் மிளகாய் போட்டவன், மானூர் பக்கம் உளுந்து போட்டவன், மாடில வெண்டை வச்சவங்கன்னு எல்லாருக்கும் அதே கேள்வி, பெறவு எல்லாரும் பண்ணுததும் அதே தப்பு. காத்துக்கு எதிர்த்தாப்ல நின்னு அடிக்காத, மூஞ்சிக்கு துணி கட்டுன்னு பாடம் எடுக்கப்போறதில்ல, அதெல்லாம் டப்பாலயே போட்டிருக்கு.

மழை இல்லையே, எப்படி வரும்னு இருக்கது

சாம்பல் நோயும் ஒரு பூஞ்சைதான், ஆனா மத்த பூஞ்சை பலதுக்கும் இலைல ஈரம் நிக்கணும், இதுக்கு வேண்டாம். காத்துல ஈரப்பதம் இருந்தா இலை காஞ்சு கெடந்தாலும் வித்து முளைச்சிரும், பலத்த மழை பெஞ்சா கழுவிட்டுத்தான் போகும். அதான் ஐப்பசி கார்த்திகை அடைமழைல காணாம, ராத்திரி பனி பகல்ல வெயில்னு இருக்க மார்கழி தைல தலை காட்டுது. நெருக்கி நட்ட இடம், காத்து போகாத நிழல் மூலை, மொதல்ல அங்க போய் பாருங்க.

வேப்பெண்ணெய் அடிச்ச செடில சல்ஃபர் (கந்தகம்)

இதைத்தான் நீட்டி சொல்லணும், ஏன்னா எத்தன தடவ சொன்னாலும் எவனும் கேக்க மாட்டேங்கான்.

போன மாசி கடைசில பாவூர்சத்திரம் தாண்டி ஒரு தம்பி தோட்டத்துக்கு போனேன். மிளகாய் நல்லா காய் பிடிச்சு நின்ன தோட்டம், போய் பாத்தா இலை ஓரமெல்லாம் கருகி, பூ பூரா பாருக்குள்ள கொட்டிக் கெடக்கு. "நோய் முத்திட்டு அண்ணாச்சி, டோஸ் கூட்டி இன்னொரு தடவ அடிக்கவா"ங்கான். என்னல அடிச்சன்னு கேட்டா, வெள்ளிக்கிழமை வேப்பெண்ணெய் அடிச்சானாம், வெள்ளை போகலன்னு செவ்வாக்கிழமை கடைல சல்ஃபர் வாங்கி, மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து, அதும் கைக்கணக்குல அள்ளிப்போட்டு அடிச்சிருக்கான். நோய் எங்கல முத்திச்சு, செடிய சுட்டு வச்சிருக்கான். வித்த கடைக்காரராவது இதுக்கு முந்தி என்ன அடிச்சன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், அவருக்கு பாக்கெட் போனா சரி.

வேப்பெண்ணெயும் நல்ல மருந்து, சல்ஃபரும் நல்ல மருந்து, தனித்தனியா இருக்க வரைக்கும். எண்ணெய் படிஞ்ச இலைல சல்ஃபர் விழுந்தா எண்ணெயோட சேந்து இலைக்குள்ள எறங்கிரும், வெளிய நின்னு பூஞ்சைய கொல்ல வேண்டியது உள்ள போய் இலைய எரிக்கும். ரெண்டுக்கும் நடுவுல குறைஞ்சது 2 வாரம் விடணும், எதை முந்தி அடிச்சிருந்தாலும் சரி. புங்க எண்ணெய்க்கும் இதே கணக்குதான்.

அடுத்து வெயில். சல்ஃபர் ஆவியாகித்தான் பூஞ்சைய பிடிக்கும், அதனால கொஞ்சம் சூடு வேணும், ஆனா 32 டிகிரிய தாண்டுனா அதே சல்ஃபர் இலைய பொசுக்க ஆரம்பிச்சிரும், நம்ம ஊர்ல மாசி மத்தியானமே அதை தாண்டிரும், பங்குனி சித்திரைய கேக்கவே வேண்டாம். சாயங்காலம் அடிச்சா போச்சுன்னு சிலபேர் சொல்லுதாங்க, மறுநாள் வெயிலுக்கும் மருந்து இலைலதான இருக்கும்? தைல, காலைல வெயில் ஏறுததுக்கு முன்ன, நனையுற கந்தகம் (தண்ணில கலக்குத சல்ஃபர் தூள்) லிட்டருக்கு 2லருந்து 3 கிராம், 10 லிட்டர் டேங்க்குக்கு 20லருந்து 30 கிராம், அவ்வளவுதான். எடை மிஷின் நகைக்கடைல மட்டுந்தான் இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. பந்தல் காய், வெள்ளரி, தர்பூசணில பல ரகம் சல்ஃபர தாங்காது, ரெண்டு கொடில அடிச்சு ரெண்டு நாள் பாத்துட்டு மத்ததுக்கு போங்க.

உளுந்துக்கு வேப்பங்கொட்டை சாறு 5 சதம் போதும், 5 கிலோ கொட்டைய இடிச்சு ஊறவச்சு வடிகட்டி 100 லிட்டர் ஆக்கணும், வெள்ளைய கண்ட உடனே ஒரு தடவ, 10 நாள் கழிச்சு இன்னொரு தடவ. வெள்ளை மறுநாளே மறையாது, அதுக்குள்ள அடுத்த மருந்துக்கு ஓடுததுலதான் எல்லாம் கெடுது.

அந்த தம்பிகிட்ட புது துளிர் வர வரைக்கும் ஒண்ணும் அடிக்காத, தண்ணி மட்டும் பாய்ச்சுன்னு சொல்லிட்டு வந்தேன். மறுநாள் டானிக் அடிச்சிருக்கான்.

அடிச்சாம்பலுக்கும் அதே மருந்து

பாகல், வெள்ளரி இலைல மேல நரம்புக்குள்ள அடங்குன மாதிரி மஞ்சள் கட்டமா தெரிஞ்சு, அடில சாம்பல் கலர்ல பூத்தா அது அடிச்சாம்பல், அதுக்கு இலைல ஈரம் வேணும், சல்ஃபருக்கு அது கேக்காது, மேங்கோசெப் மாதிரி வேற மருந்துதான். சொல்லப்போனா அது அசல் பூஞ்சையே இல்ல, பாசி வகைக்குத்தான் கிட்டத்து சொந்தம். இதுல ஒரு வில்லங்கம், மிளகாய்ல சாம்பல் நோயே இலைக்கு அடிலதான் பூக்கும், மேல மஞ்சள் திட்டுதான் தெரியும். அடில பூத்ததெல்லாம் அடிச்சாம்பல்னு முடிவு பண்ணிராதீங்க.

கார்பென்டாசிம், கார்பென்டாசிம், கார்பென்டாசிம்

ஒரே பூஞ்சை மருந்த திரும்பத் திரும்ப அடிச்சா பூஞ்சைக்கு பழகிரும். மாத்தி அடிங்க.

விரிடி போட்ட மண்ணுல பூஞ்சை மருந்து ஊத்துதது

விரிடிங்கது நோய் பூஞ்சைய அமுக்க நாம மண்ணுல போடுத டிரைக்கோடெர்மா விரிடி, அதும் பூஞ்சைதான் வே.

வெள்ளை தெரியுத நேரத்துல யூரியா

வேண்டாம். யூரியா இலைய கொழுக்க வைக்கும், கொழுத்த இளம் இலைலதான் நோய் குஷியா பரவும்.

எலுமிச்சை இலை கருப்பா இருக்குன்னு பூஞ்சை மருந்து

புளியங்குடி பக்கத்து தோட்டங்கள்ல இத பாத்திருக்கேன். விரலால தேச்சா கரி மாதிரி உரிஞ்சு வந்தா அது கரும்பூசணம், இலைய தின்னாது, மேல படிஞ்சு வெளிச்சத்தத்தான் மறைக்கும். வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி விடுத இனிப்பு கழிவுலதான் அது வளருது, பூச்சி இருக்க வரைக்கும் எத்தன பூஞ்சை மருந்து அடிச்சாலும் திரும்ப வரும். மொதல்ல மரத்துல எறும்பு ஏறுதான்னு பாத்துட்டு, அது போற கொப்புல இலைய திருப்பி பாருங்க.