அடிக்கடி மக்கர் செய்யும் பழைய காரை வைத்துக்கொள்வதா, விடுவதா: முடிவெடுக்கும் முறை

வண்டி நடுவழியில் நின்றுபோன அன்று, அதை விற்றுவிடுவதென்று முடிவெடுக்காதீர்கள். நீண்ட பயணம் ஒன்றை அது எந்தத் தொல்லையும் தராமல் முடித்துவந்த அன்று, எந்நாளும் இதை விடப்போவதில்லை என்றும் முடிவெடுக்காதீர்கள். கோபத்திலும் மகிழ்ச்சியிலும் எடுக்கும் முடிவுகளுக்கு வண்டியின் உண்மை நிலையோடு அதிகத் தொடர்பு இருப்பதில்லை. பல ஆண்டுகள் உடனிருந்த காரின் மீது பிரியம் கொள்வது இயல்பானது, மதிக்கத்தக்கது. அந்தப் பிரியத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பாருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால், வண்டி எதனால் மக்கர் செய்கிறது, எல்லாப் பாகங்களையும் தாங்கும் அதன் உலோகக் கூடு இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொண்டாக வேண்டும். இவை தெரியாமலேயே விற்கப்படும் நல்ல வண்டிகளும் உண்டு. தெரியாமலேயே ஓட்டப்படும் ஆபத்தான வண்டிகளும் உண்டு.

பழுதுகளை எழுதிவையுங்கள்

வண்டியிலேயே ஒரு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை தொல்லை தரும்போதும் தேதி, ஓடிய கிலோமீட்டர், எஞ்சின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, மழை பெய்ததா, டேங்கில் எவ்வளவு எரிபொருள் இருந்தது, டேஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் கிளம்பியது என்பவற்றை எழுதுங்கள். பழைய ஒர்க்‌ஷாப் பில்கள் கைவசம் இருந்தால் அவற்றையும் தேதி வாரியாக அதே நோட்டில் ஏற்றிவிடுங்கள். சில மாதங்களில், பத்து விதமான தொல்லை என்று நாம் நினைத்திருந்தவை ஓரிரு காரணங்களுக்குள் அடங்கிவிடுவதைப் பெரும்பாலும் காண்பீர்கள்.

சூடானால் அணைந்துபோவதும், சிறிது நேரம் நிறுத்திவைத்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புவதும் பழைய வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார். எஞ்சினின் சுழற்சியைக் கணித்துச் சொல்லும் கிராங்க் சென்சாருக்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. அதில் முடியளவு விரிசல் விழுந்திருந்தால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துபோகும். ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடுவதால், மெக்கானிக் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். அதன்பின் எரிபொருள் பம்ப், ரிலே, பிளக் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரையும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். ‘சூடானபின் நின்றது, அரைமணி நேரம் கழித்துக் கிளம்பியது’ என்ற வரி உங்கள் நோட்டில் மூன்று இடங்களில் இருந்தால், நல்ல மெக்கானிக் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை உடனே புரிந்துகொள்வார்.

மின்சாரக் கோளாறுகளும் இப்படித்தான். பல வண்டிகளில் ‘வயரிங் முழுக்கப் போய்விட்டது’ என்று சொல்லப்படுவது, எஞ்சினையும் பாடியையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைக்கும் எர்த் பட்டையில் பிடித்த துருவாக இருக்கும். சாதாரண மல்டிமீட்டர் போதும், வீட்டிலேயே சோதித்துவிடலாம். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும்; எஞ்சின் ஓடும்போது பழைய வண்டிகளில் பொதுவாக 13.8 முதல் 14.4 வரை இருக்கும். பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றொன்றை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியிலும் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அப்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் இணைப்பில் கோளாறு இருக்கிறது என்று பொருள். பட்டையைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்படி தேய்த்து மாட்டினாலே பல தொல்லைகள் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உள்ள வண்டியாக இருந்தால் பழுதுக் குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறியீடுகளை எல்லா வண்டிகளிலும் ஒரே விதமாகப் படிக்க உதவும் பொதுவான ஓபிடி-2 முறை அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. அதற்குப் பிந்தைய பெரும்பாலான வண்டிகளைச் சிறிய ஸ்கேனர் கொண்டே படித்துவிடலாம். குறியீடு காட்டும் பாகத்தை உடனே வாங்கி மாட்டும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும். எந்தச் சுற்றில் கோளாறு உணரப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்தச் சுற்றில் கெட்டது சென்சாரா, வயரா, இணைப்பா என்று தேடுவது மெக்கானிக்கின் வேலை.

கூட்டைப் பாருங்கள்

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கி வேறொன்றை ஏற்றலாம். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் எல்லாம் போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடிய பொருள்கள். கூடு அப்படிப்பட்டதன்று. ஆகவே, முடிவெடுப்பதில் எஞ்சினுக்குக் கொடுக்கும் கவனத்தைவிட இரண்டு மடங்கு கவனத்தைக் கூட்டுக்குக் கொடுங்கள் என்பதே இந்த விஷயத்தில் எனக்குள்ள உறுதியான கருத்து.

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி, நீங்களே அடியில் நின்று, டார்ச் அடித்துப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி, ஜாக்கி வைக்கும் இடங்கள், சஸ்பென்ஷன் கூட்டோடு சேரும் மூலைகள், சீட் பெல்ட்டின் போல்ட் இறங்கும் தகடு, பிரேக் குழாய்கள் ஆகியவை முக்கியமானவை. மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் அங்கங்கே அழுத்திப் பாருங்கள். மேலே தூளாக உதிர்ந்து உள்ளே உலோகம் கெட்டியாக நின்றால் அது மேல்துரு; சுரண்டி, துருத்தடுப்பு பூசினால் போதும். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினாலோ, தட்டும்போது ‘டங்’ என்ற கணீர் ஒலிக்குப் பதிலாக மொத்தென்று கேட்டாலோ, துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது. பெயின்ட் குமிழ் விட்டிருக்கும் இடத்தில் வெளியே தெரிவது சிறு பங்குதான். தடித்த கறுப்புப் பூச்சு அண்மையில் அடிக்கப்பட்டிருந்தால், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைச் சுரண்டிப் பார்க்காமல் விடக்கூடாது.

கதவின் கீழ்விளிம்பிலும் மட்கார்டிலும் துரு இருந்தால் அது அழகு பற்றிய விஷயம். சஸ்பென்ஷன் பிடிக்கும் மூலையிலும் சீட் பெல்ட் தகட்டிலும் இருந்தால் அது உயிர் பற்றிய விஷயம். இரண்டாவது வகைத் துரு ஓரிடத்தில் மட்டும் இருந்தால், அழுகிய தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டை முழுமையாக வெல்டிங் செய்து சரிப்படுத்தலாம். பல இடங்களில் பரவியிருந்தால், எவ்வளவு பிரியமான வண்டியாக இருந்தாலும் அதில் மற்றவர்களை ஏற்றிச்செல்வதை நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு கேள்வியில் பிரியத்துக்கு இடம் கொடுக்கலாகாது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை ஓயாமல் வந்து, கூலன்ட் குறைந்துகொண்டே போனால் எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மிகக் குறைந்த சிலிண்டரின் அழுத்தம், மிக அதிகமானதில் முக்கால் பங்குக்கும் கீழே இருந்தால் எஞ்சினைப் பிரிக்கும் வேலை காத்திருக்கிறது என்று கொள்ளலாம். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால், மாற்றப்படவில்லை என்றே கருதுங்கள். அது அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதன்பின் இந்தக் கேள்விக்கே இடமிருக்காது.

பணக் கணக்கு

ரிப்பேர் செலவு வண்டியின் சந்தை விலையைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அந்த விதியை நான் ஏற்பதில்லை. பழைய காரின் சந்தை விலை ஏற்கெனவே தேய்ந்து அடிமட்டத்துக்கு வந்துவிட்டதால், கிளட்ச் மாற்றும் செலவுகூட அதைத் தாண்டக்கூடும். நியாயமான ஒப்பீடு வேறு. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு இந்த வண்டியை நம்பகமாக ஓட்ட ஆகும் செலவு எவ்வளவு, அதே இரண்டு ஆண்டுகளுக்கு இதன் இடத்தில் வரும் வண்டிக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். புதிய வண்டியின் பக்கத்தில் கடன் வட்டி, கூடுதல் இன்ஷூரன்ஸ், பதிவுக் கட்டணம், இரண்டு ஆண்டுகளில் குறையும் அதன் விலை எல்லாம் சேர வேண்டும். பழைய வண்டியின் பக்கத்தில் நிச்சயமாகச் செய்ய வேண்டிய வேலைகள், எதிர்பாராத பழுதுக்கான ஒதுக்கீடு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாள்களில் வாடகை வண்டிக்கு ஆகும் செலவு ஆகியவை சேர வேண்டும்.

இதுவரை செலவழித்த தொகை இந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் வராது. சென்ற ஆண்டு போட்ட புதிய ரேடியேட்டர் இனி அந்தப் பழுது வராமல் காக்கும் என்ற அளவில் மட்டுமே அதற்கு மதிப்பு. ‘இவ்வளவு போட்டுவிட்டோமே’ என்பதற்காக மேலும் போடுவது தவறு. அதேபோல், செகண்ட் ஹேண்டில் வாங்கும் வேறொரு காரும் தன் பழுதுகளோடுதான் வரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. உங்கள் வண்டியின் பழுதுகளையாவது நீங்கள் அறிவீர்கள்.

உதிரிபாகங்கள் கிடைக்குமா என்பதை இதனோடு விசாரித்துவிடுங்கள். பிரேக் பேட், ஃபில்டர், பேரிங் போன்றவை பல மாடல்களுக்குப் பொதுவானவை என்பதால் நீண்ட காலம் கிடைக்கும். கதவு ரப்பர், விளக்குக் கண்ணாடி, எஞ்சின் கம்ப்யூட்டர், அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்ட பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவைதான் முதலில் சந்தையிலிருந்து மறையும்.

ரிப்பேரால் சேர்க்க முடியாதவை

வழுக்கும் சாலையில் பிரேக் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் மின்னணு ஏபிஎஸ், 1978-இல் மெர்சிடீஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. வண்டி சறுக்கிச் சுழலாமல் தடுக்கும் ஈஎஸ்சி 1995-இல் வந்தது. புதிய கார்கள் அனைத்திலும் அது ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயமானது 2014-இல்தான். உங்கள் வண்டியில் இவையும் ஏர் பேக்குகளும் இல்லையென்றால் எந்த ஒர்க்‌ஷாப்பாலும் அவற்றைப் பின்னர் முறையாகச் சேர்த்துத் தர முடியாது. நெடுஞ்சாலையில் தினமும் வேகமாகப் போகிறீர்களா, குழந்தைகள் ஏறுகிறார்களா, இரவில் ஓட்டுகிறீர்களா என்பதைப் பொறுத்து இதற்கு எவ்வளவு எடை என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். தினசரிப் பயணத்துக்கு வேறு வண்டி வைத்துக்கொண்டு, பழையதை நல்ல வானிலையில், பகலில், குறைந்த தூரத்துக்கு மட்டும் எடுப்பது பலருக்குப் பொருந்தும் நடுவழி.

ஆனால், நடுவழி என்ற பெயரில் வண்டியை மூலையில் நிறுத்தி மறந்துவிடாதீர்கள். பெட்ரோல் சில மாதங்களில் கெட்டுப்போகத் தொடங்கும், பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும், பிரேக் டிஸ்க் துருப்பிடித்துப் பேட் ஒட்டிக்கொள்ளும். பிரியத்தால் வைத்துக்கொண்டு கவனிக்காமல் அழுகவிடுவதைவிட, ஓட்டி மகிழும் ஒருவரிடம் கொடுப்பது அந்த வண்டிக்குச் செய்யும் நன்மை.

வைத்துக்கொள்வதென்று முடிவானால், வேலைகளின் வரிசையைக் காப்பாற்றுங்கள். முதலில் பிரேக், டயர், ஸ்டீயரிங். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 வகைக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 155 என்பதுதான் தர அளவு. ஆகவே, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போய்ப் பிடிப்பை இழந்திருக்கும். அடுத்து ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட், எரிபொருள் குழாய்கள். அதன் பிறகு மின்சாரம். பெயின்ட்டும் சீட் உறையும் கடைசியில்தான் வர வேண்டும். பளபளக்கும் வண்டி பாதுகாப்பான வண்டி என்ற எண்ணத்தை நமக்கே ஏற்படுத்திவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வேலை தொடங்கும் முன்பே, இவ்வளவு தொகை, இவ்வளவு மாதம் என்று எல்லையை எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் காட்டிவிடுங்கள். அதற்குள் பழுதுகள் குறைந்துவருவது நோட்டில் தெரிந்தால் தொடருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத புதிய பழுதுகள் வந்துகொண்டே இருந்தால், வயரிங், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் ஒரே காலத்தில் ஆயுளை முடித்துக்கொண்டிருக்கின்றன. அப்போது விட்டுவிடுவதே சரி.

விடுவதானால், ஓடும் நிலையில் இருக்கும்போதே விடுங்கள். நின்றுபோன வண்டிக்கு இரும்பு விலைதான் கிடைக்கும். பழுதுகளை மறைக்காமல் சொல்லி, நோட்டையும் பில்களையும் சேர்த்தே கொடுங்கள். அதைப் படித்துப் பார்த்து வாங்குபவர் வண்டியை விரும்பி வாங்குபவராகவே இருப்பார். கூட்டில் அழுகல் பரவிய வண்டியை மட்டும் சாலையில் ஓட்டுவதற்கென்று யாருக்கும் விற்காதீர்கள். உதிரிபாகத்துக்கென்று பிரிப்பவரிடம் கொடுத்தால், இதே மாடலை வைத்திருக்கும் வேறு சிலரின் வண்டிகளுக்கு அதன் பாகங்கள் போய்ச்சேரும். எப்படிக் கொடுத்தாலும், உரிமையாளர் பெயர் மாறியதற்கோ பதிவு நீக்கப்பட்டதற்கோ எழுத்துச் சான்று வரும்வரை விற்பனைத் தாளின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். அதுவரை அந்த வண்டியின் அபராதங்களும் விபத்துப் பொறுப்பும் உங்கள் பெயரில் வந்து விழக்கூடும்.