பத்மநாபபுரம் பார்க்கப் போகும் நாளில் கையெழுத்து மிச்சம் வைக்காதீர்கள்

குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை திறக்காது. மற்ற நாட்களிலும் மதியம் ஒன்று முதல் இரண்டு வரை பூட்டு. நாலரைக்கு டிக்கெட் கவுண்டரை மூடிவிடுவார்கள். இதெல்லாம் எல்லோரும் சொல்வது. சித்தப்பா வீட்டிலிருந்து கிளம்பாதீர்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

மே மாத வெயில். எட்டரைக்கே பிள்ளைகளைக் காரில் ஏற்றிவிட்டேன். "போற வழிதான் மக்களே, ஒரு கையெழுத்து" என்றார் சித்தப்பா. பூர்வீக வீட்டுக்கு அவர் பெயரில் பவர், அதாவது என் சார்பில் அவர் காரியம் பார்க்க அதிகாரப் பத்திரம். பத்திர ஆபீஸில் டோக்கன் பதினொன்றுக்கு. பதினொன்றுக்கு சர்வர் படுத்துவிட்டது. பன்னிரண்டுக்கு, பான் கார்டில் இனிஷியலாக இருக்கும் அப்பா பாஸ்போர்ட்டில் முழுப்பெயராக நிற்பதைப் பத்திர எழுத்தர் கண்டுபிடித்தார். இரண்டும் நான்தான் என்று பிரமாணப் பத்திரம் வேண்டுமாம். நோட்டரி சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்தபோது சாட்சிகளில் ஒருவரைக் காணோம். ஆதாரை எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். கைரேகை வைத்து முடிக்கும்போது மூன்றரை.

ஆகவே, என்னைப்போல் வெளிநாட்டில் இருப்பவரானால், பவரை நீங்கள் இருக்கும் நாட்டு இந்தியத் தூதரகத்திலேயே கையெழுத்திட்டு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதை இங்கே இருப்பவர் பார்த்துக்கொள்ளலாம்.

தக்கலையிலிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டர்தான். நாலேகாலுக்கு நுழைந்தோம். செருப்பைக் கழற்றி அந்தக் கருந்தரையில் கால் வைத்ததும் காலையிலிருந்து ஏறிய சூடு இறங்கியது. மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மைக்கா ஜன்னல்களை எட்டிப் பார்ப்பதற்குள் காவலாளி விரட்டினார். சாப்பாட்டுக் கூடமான ஊட்டுபுரையில் ஆயிரம் பேர் சாப்பிடுவார்களாம். நாங்கள் ஓடிக்கொண்டே பார்த்தோம். தோட்டத்தை வாசலிலிருந்து பார்த்ததோடு சரி. உங்களுக்கு அரை நாளாவது வேண்டும்.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இது. 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். "அப்போ இது யாரோடது?" என்றாள் மகள். "பார்த்துக்கொள்வது அவர்கள்" என்றேன். அதற்கு மேல் கேட்காமல் இருந்தாளே, நல்லது.

வெளியே சித்தப்பா நுங்கு வாங்கி வைத்துக்கொண்டு நின்றார். மழைக்கு முன் ஓடு மாற்ற வேண்டுமாம், பவர் அதற்குத்தானாம். வீட்டு வரியைப் பதினெட்டு வருடமாகக் கட்டுவதும் அவர்தான். காசு எடுத்து நீட்டினேன். "நுங்கைத் தின்னு, சூடாகும்" என்றார்.