உண்ணி வைரஸ் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் உறைபெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, "அக்கா, இதுதானே லங்காட் வைரஸ்?" என்று கேட்டார். லங்காட் என்பது உண்ணி பரப்பும் ஒரு வைரஸ். குப்பியில் பெயர் இருந்தது. எத்தனையாவது பாசேஜ், அதாவது செல்களில் எத்தனையாவது முறை வளர்த்தது என்பது இல்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் குப்பியை எடுத்தேன். கையுறை, கட்டுப்பாட்டு மாதிரி பற்றியெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பாசேஜ் கணக்கை விட்டுவிடுவது

லங்காட் போல உண்ணி பரப்பும் ஃபிளாவிவைரஸின் மரபணுத்தொகுதி சுமார் 11,000 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏ. அதை நகலெடுக்கும் நொதி பிழை திருத்தாது. எனவே குப்பிக்குள் இருப்பது சற்றே வேறுபட்ட வைரஸ்களின் கூட்டம். செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்தால், அங்கே வேகமாக வளர்வது மட்டுமே மிஞ்சும். வெளியுறையான ஈ (E) புரதத்தில் நேர்மின்னூட்டமுள்ள அமினோ அமிலங்கள் ஏறிக்கொள்ளும். செல்லின் மேலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலியில் வைரஸ் பசைபோல ஒட்டும். செல் வளர்ப்புத் தட்டில் அது லாபம். எலியின் உடலிலோ கண்ட இடத்தில் ஒட்டி, ரத்தத்திலிருந்து சீக்கிரம் வடிந்து, மூளைக்குப் போய்ச் சேருவதே அரிதாகிவிடும்.

வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானை முடக்குவது வைரஸின் என்எஸ்5 (NS5) புரதம். அதில் நான் ஓரெழுத்தை மாற்றினேன். அந்த வைரஸைப் போட்ட எலிகள் பிழைத்தன. காரணம் கிடைத்துவிட்டது என்று எட்டு மாதம் நம்பினேன். ஒருநாள் பிளேக் தட்டில் (வைரஸ் செல்களைக் கொன்ற இடம் புள்ளியாகத் தெரியும் தட்டு) கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றிக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால், ஊதாப் பரப்பில் குண்டூசித் தலையளவு வெள்ளைப் புள்ளிகள். மூல வைரஸின் புள்ளிகளோ மிளகளவு. வைரஸின் முழு மரபணு வரிசையும் படித்தபோது ஈ புரதத்தில் ஒரு குளுட்டமிக் அமிலம், நேர்மின்னூட்டமுள்ள லைசினாகியிருந்தது. நான் செய்த மாற்றமல்ல, பாசேஜில் தானாக வந்தது. உழைப்பு போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீணாக்கிய எலிகளை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

பாசேஜ் எண்ணையும் செல் வகையையும் குப்பியிலேயே எழுதுங்கள். எலிக்குப் போடும் அதே தொகுப்பை வரிசைப்படுத்துங்கள், அதாவது அதன் மரபணு எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். மாற்றிய எழுத்தைப் பழையபடி திருப்பி, நோய்வீரியமும் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இறப்பு விகிதம் முழுவதையும் வைரஸ் மரபணுவின் தலையில் கட்டுவது

லங்காட்டின் உறவு வைரஸால் வரும் உண்ணி மூளைக்காய்ச்சலில், இறப்பு ஐரோப்பிய வகைக்கு 1–2 சதவீதம், தூரக் கிழக்கு வகைக்கு 20-க்கும் மேல் என்று எழுதுவார்கள். மரபணு வேறுபாடு உண்மைதான். ஆனால் முற்றிய நோயாளிகள் மட்டும் பதிவாகும் ஊரில் சதவீதம் தானாக ஏறும்.

எலியின் மரபணுவை மறப்பது

பெரும்பாலான ஆய்வக எலிகளில், ஃபிளாவிவைரஸைத் தடுக்கும் ஓஏஎஸ்1பி (Oas1b) மரபணு பாதியில் அறுந்தது. அவை எளிதில் நோயுறுவதற்கு அதுவும் காரணம். இதை மறக்காதீர்கள்.

"பலவீனமானதுதானே" என்பது

லங்காட் 1956-இல் மலேசியாவின் உலு லங்காட் காட்டு உண்ணியில் கிடைத்தது. நமக்குப் பக்கத்து ஊர் வைரஸ். இயல்பிலேயே வீரியம் குறைந்தது என்பதால் சோவியத் நாட்டில் உண்ணி மூளைக்காய்ச்சலுக்கு உயிருள்ள தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 18,500 பேரில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது.

தம்பியின் குப்பியை வரிசைப்படுத்த அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை எலிக்கூண்டுப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.